அண்ணன் நெற்றியில் ரோமாபுரி ராஜா

காசின் ஒரு பக்கத்தில் சந்தனத்தைத் தடவி, அண்ணனின் நெற்றி நடுவில் வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார் சடங்கு செய்பவர். விரலை எடுத்ததும்தான் பார்த்தேன். ஒரு ரூபாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ராஜா இருந்தார். தலையில் முத்துப் பட்டம். நீள மூக்கு. பெரிய கண். என் அண்ணன் நெற்றியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, சாமியானாக்காரன் அடுக்கிவைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோமாபுரி ராஜா. என் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்த ராஜா.

நடந்தது இதுதான். குளிப்பாட்டியாயிற்று, புது வேட்டி கட்டியாயிற்று, திருநீறு பூசியாயிற்று. நெற்றிக்காசுக்கு ஒரு ரூபாய் வேண்டும். நூறு பேர் நின்ற அந்த வாசலில் ஒருத்தரிடமும் ஒரு ரூபாய் இல்லை. எல்லோரும் பையைத் தட்டிப் பார்த்தார்கள். எல்லோர் பையிலும் போன்தான் இருந்தது. டீக்கடையில் ஸ்கேன், பூக்கடையில் ஸ்கேன், பஸ்ஸுக்குக்கூட ஸ்கேன். யாரிடம் இருக்கும் சில்லறை? ஐம்பது ரூபாய் நோட்டை மடித்து வைக்கலாமா என்று மாப்பிள்ளை முறை ஒருவர் கேட்டார். சித்தப்பா அவரைப் பார்த்த பார்வையில் நோட்டு தானாக உள்ளே போய்விட்டது.

"காசைக் குடுங்கப்பா, நேரமாவுது," என்று சடங்கு செய்பவர் கையை நீட்டினார். நீட்டின கைக்கு எதிரே நான். பதற்றம் வந்தால் எனக்குக் கை முதலில் போகும், புத்தி அடுத்த பஸ்ஸில் வரும். முந்தாநாள் டீ குடித்த மிச்சம் ஒரு ரூபாய் பையில் கிடக்கிறது என்று நினைத்தேன். விரலில் வட்டமாக ஒன்று தட்டுப்பட்டது. கொடுத்துவிட்டேன்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா, அண்ணனுக்குன்னு பழங்காசா தேடி எடுத்து வெச்சிருக்கான்," என்றார். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு கடிதம்

"பல வாரமாக ரோமானியக் காசு, ரோமானியக் காசு என்று எழுதுகிறீர்கள். உங்களிடம் இருப்பதில் உயர்ந்தது எது, அது எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் சொல்லாமல் நழுவுகிறீர்கள்" என்று மன்னார்குடி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான புகார். நழுவிக்கொண்டுதான் இருந்தேன். நழுவும் சத்தம் கேட்காமல் இருக்க உங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

உயர்ந்தது, மேலே சொன்ன ராஜாதான். கிடைத்த இடம் கும்பகோணம். நேரம் பகல் ஒரு மணி இருக்கும். வருஷம் மாதமெல்லாம் எனக்குக் குழம்பும், ஆனால் இந்த ஒரு மணி குழம்பாது. அந்த ஒரு மணிக்கு நான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

தயிர் டப்பா சாம்ராஜ்யம்

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் திருக்காட்டுப்பள்ளியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். டிராக்டர், லாரி, வீட்டு இன்வெர்ட்டர். வயது ஐம்பத்து மூன்று. தொப்பை உண்டு, தைரியம் கிடையாது.

பேட்டரிக்கும் ரோமாபுரிக்கும் என்ன சம்பந்தம் என்றால், டிஸ்டில்டு வாட்டர். ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வருஷம் ஆற்று மணலில் கிடந்த வெண்கலக் காசின் உப்பை இறக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. வாரம் ஒரு தடவை தண்ணீரை மாற்றி, மாதக்கணக்கில் பொறுமையாக இருக்கவேண்டும். என் கடை அலமாரியில், பேட்டரிகளுக்குப் பின்னால் வரிசையாகத் தயிர் டப்பாக்கள் இருக்கும். டப்பாவுக்கு ஒரு காசு. என் மனைவி வசந்தா ஒருமுறை புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றாள். பித்தளைக் குடம் தேய்க்கிற கை அது. காசின்மேல் படிந்த பச்சைத் தோலும் போய், ராஜாவும் போய், மொழுமொழு என்று ஒரு தகடு மிஞ்சியிருக்கும். ஓடிப்போய் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என்னைக் கட்டிப்பிடித்ததைவிட இறுக்கமாக என்று இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

மிளகும் மணியும் வாங்க வந்த கப்பல்களோடு இந்தக் காசுகள் வந்தன என்கிறார்கள். தங்கமும் வெள்ளியும் பெரிய இடத்துக்குப் போயின. இந்தச் சுண்டுவிரல் நகம் அளவு வெண்கலம் கடைத்தெருவில் கைமாறி, தேய்ந்து, ஆற்றோடு போனது. கோடையில் காவிரி வற்றினதும் படித்துறை ஓரமாக மணலை அரிப்பவர்கள் உண்டு. தொலைந்த கம்மல், மூக்குத்தி, குளிக்க வந்தவர்கள் போட்ட சில்லறை, இதற்காக அரிப்பார்கள். கூடவே இதுவும் வரும். அவர்களுக்கு இது செம்பு. எடைக்குப் போய், கும்பகோணத்தில் பழைய பித்தளை வாங்குகிறவர்களிடம் சேர்ந்துவிடும். உருக்குவதற்கு முன்னால் நான் போய் நின்றால் ராஜா பிழைப்பார். இல்லையென்றால் குத்துவிளக்கு ஆவார். உங்கள் வீட்டு விளக்கிலேயே எந்த ராஜா எரிகிறாரோ, யார் கண்டது.

இப்படி வாங்குவது சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் தினம் காலையில் என்னைக் கேட்டுக்கொள்வேன். பதில் வருவதற்குள் கடை திறக்க நேரமாகிவிடும்.

வாயில் போட்டது

என் பயத்தைப் பற்றி ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மூன்று காசைக் கல்லா மேஜையில் பரப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டை ஒருவர் இறங்கினார். டப்பாவுக்கு எழுந்து போக நேரமில்லை. மூன்றையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

வந்தவர் டிரைவர். ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி டவுன் போல என்றார். "ம்" என்றேன். புதுசு போட வேண்டுமா, சார்ஜ் போதுமா என்றார். "ம்ம்" என்றேன். பல்வலியா என்று கேட்டார். கண்ணில் தண்ணீரோடு ஆமாம் என்று தலையாட்டினேன். கிராம்பு வைக்கச் சொல்லி, வைக்கும் முறையைச் சொல்லி, தன் மச்சினிக்குப் பல் பிடுங்கின கதையையும் சொல்லிவிட்டுத்தான் போனார். துப்பியபோது இரண்டு ராஜாதான் வந்தார்கள். மூன்றாமவர் இரண்டு நாள் கழித்து வந்தார். அவர் இப்போது என் சேகரிப்பில் இருக்கிறாரா என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிப்பட்ட நான்தான் அன்றைக்கு அண்ணி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொன்னவன். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அண்ணன்

என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போன பிறகு நிலம் முழுக்க அவர் தலையில். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த அதே ஊர், அதே வீடு. நெல்லைத் தவிர எதையும் சேர்த்துவைத்துப் பார்த்ததில்லை. நான் கடை திறந்த அன்று முதல் பேட்டரியை வாங்கியவர் அவர்தான். அப்போது அவரிடம் டிராக்டர் கிடையாது. சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், நெல் குதிர் பக்கத்தில் வைத்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து டிராக்டர் வாங்கினபோது பேட்டரி செத்திருந்தது. புதுசு ஒன்றும் என்னிடமே வாங்கினார்.

என் காசுகளை ஒரே ஒரு தடவை பார்த்தார். டீக்கடையில் கொடுத்தால் வாங்குவானா என்று கேட்டார். மாட்டான் என்றேன். அன்றிலிருந்து புது ஆள் யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால், "என் தம்பி. செல்லாக்காசு," என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துவார். எதிராளி திருதிருவென்று விழிக்கும்போது, "சேக்குறான்," என்று முடிப்பார். எங்கே நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தெரியும். என் நகைச்சுவையெல்லாம் அவர் வீட்டுக் களத்தில் விளைந்ததுதான்.

திருவையாற்றில் வலது பக்கம்

கோடைக்காலம், ஆற்றில் மணல் கொதிக்கும் நாள். அண்ணன் சிறுநீரகம் கெட்டு, ஒரு வாரமாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பகல் பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்தார். சொந்தக்காரர்களை வரச்சொல்கிறார் டாக்டர் என்றார். "அவரு உங்களைத்தான் தம்பி கேக்குறாரு. உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

ஷட்டரை இறக்கினேன். ஹெல்மெட்டை மாட்டினேன். திரும்பவும் போன். கும்பகோணம் காசிம் பாய். பழைய பித்தளை வியாபாரம், என்னை "பேட்டரி" என்றுதான் கூப்பிடுவார்.

"பேட்டரி, மூஞ்சி இருக்கு," என்றார்.

இந்த இரண்டு வார்த்தை உங்களுக்கு ஒன்றுமில்லை. ஆற்றுக்காசு சேர்க்கிறவனுக்கு அது வேறு. ஆற்றில் வந்த காசு பெரும்பாலும் மொட்டை. தலை இருந்த இடத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். மூக்கும் கண்ணும் வைத்துக்கொண்டு ஒரு முகம் காவிரியைத் தாண்டி வந்திருக்கிறது என்றால் என்னைப்போன்ற ஆளுக்கு நாக்கு வறண்டுவிடும். மத்தியானம் இரண்டு மணிக்குத் திருச்சிக்காரர் ஒருவர் வருகிறார், அதற்குள் வந்தால் உங்களுக்கு என்றார் பாய். அண்ணன் விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

திருவையாற்றில் பாதை பிரியும். வலது பக்கம் திரும்பினால் தஞ்சாவூர் அரை மணி. நேராகப் போனால் கும்பகோணம் ஒரு மணி. தூரத்திலிருந்தே வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டேன். கை சரியாகத்தான் போட்டது. ஆனால் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடியது. அண்ணன் ஒரு வாரமாக அங்கேதான் இருக்கிறார், சாயந்திரமும் இருப்பார். ராஜா இரண்டு மணி வரைக்கும்தான்.

வலது இண்டிகேட்டர் மின்ன மின்ன நேராகப் போனேன். பின்னால் வந்த லாரிக்காரர் என் அம்மாவைத் திட்டினார். கபிஸ்தலம் தாண்டித்தான் அது இன்னும் மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்து அணைத்தேன்.

டங், டங்

பாய் கடையில் பழைய அண்டா, தவலை, உடைந்த விளக்கு எல்லாவற்றையும் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்குவார்கள். இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். பாய் ஒரு செய்தித்தாள் துண்டை என் முன்னால் விரித்தார். நடுவில் ராஜா.

முகம் முழுசாக இருந்தது. பின்பக்கம் இரண்டு சிப்பாய்கள், நடுவே ஒரு கொடிக்கம்பம். சுற்றிலும் ஓடவேண்டிய எழுத்து மட்டும் சுத்தமாகத் தேய்ந்திருந்தது. பெயர் இல்லாத ராஜா. பரவாயில்லை, முகம் இருக்கிறதே.

போன் அடித்தது. அண்ணி.

"எங்க தம்பி வந்துக்கிட்டிருக்கீங்க?"

"வந்துட்டேன் அண்ணி, வழியிலதான்."

"அது என்ன சத்தம், டங்கு டங்குன்னு?"

காக்கிச் சட்டையைப் பார்த்து மூன்று காசை வாயில் போட்டவன் நான். வாயில் எது வந்ததோ அதைச் சொன்னேன்.

"கூட்ஸ் வண்டிங்க அண்ணி. கேட் போட்டுட்டான்."

"சரி தம்பி. பாத்து வாங்க," என்று வைத்துவிட்டார்.

காசிம் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காசைத் தாளில் மடித்துக் கையில் கொடுத்தார். "யாருக்கு என்ன?" என்றார். சொன்னேன். அப்புறம், "தெரிஞ்சிருந்தா நான் போனே பண்ணியிருக்க மாட்டேன். கெளம்புங்க," என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கேட்டு, கேட்டு

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டரைக்கு மேல். அண்ணன் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

அண்ணி வராந்தா பெஞ்சில், அண்ணனின் கண்ணாடியும் சட்டையும் போட்ட வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "கேட்டு தொறந்துட்டானா தம்பி?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கேட்டுக்கிட்டே இருந்தாரு. கூட்ஸு நிக்குதாம்னு சொன்னேன். நெல்லு ஏத்திப்போற வண்டியா இருக்கும், நீளமா இருக்கும், அவன் வரட்டும், இருக்கேன்னாரு. அப்புறமும் மூணு தரம் கேட்டாரு. கேட்டு தொறந்துட்டானா, கேட்டு தொறந்துட்டானான்னு. கடைசியா கேட்டப்ப தொறந்துட்டான், வந்துக்கிட்டிருக்காருன்னு நானே பொய் சொல்லிட்டேன் தம்பி."

அவர் பொய் சொன்னாராம். அதற்காக என்னிடம் வருத்தப்பட்டார்.

தமிழில் இந்தக் 'கேட்டு' ஒரு வேடிக்கையான சொல். கேட்டுக் கேட்டு என்று எழுதினால் ரயில்வே கேட்டா, அண்ணன் கேட்ட கேள்வியா என்று தெரியாது. இந்த விளையாட்டு அன்றைக்கே, அந்த வராந்தாவிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. அண்ணன் உள்ளே கிடக்கிறார், நான் சொல்லை வைத்துப் பல்லாங்குழி ஆடுகிறேன். என் மூளையை எனக்குப் பிடிக்காமல் போன நாள் அது.

என்னிடம் என்ன சொல்லவேண்டும் என்று இருந்தார்? அண்ணியிடம் சொல்லவில்லை. தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

ஊர் திட்டிய ரயில்

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டுக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணி முதலிலிருந்து சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் ரயில்வேயைத் திட்டினார்கள். ஒருத்தர் தன் தங்கை கல்யாணத்தில் முகூர்த்தம் தப்பப்பார்த்தது அந்தக் கேட்டால்தான் என்றார். எந்தக் கேட் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, ஆளாளுக்கு ஒரு கேட்டை வைத்துக்கொண்டார்கள். சித்தப்பா கலெக்டருக்கு மனு எழுதவேண்டும் என்றார். எழுத இவனைவிட்டால் யார் இருக்கிறார்கள் என்று என்னைக் கைகாட்டினார்.

மறுநாள் காலை ஒப்பாரி சொல்ல வந்த பாட்டுக்கார அம்மாவுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தார்:

"கூட்ஸு வண்டி வந்ததய்யா, கேட்டடைச்சு நின்னதய்யா,
கூடப்பொறந்த தம்பி வர வழிமறிச்சுப் போட்டதய்யா."

நல்ல குரல். வாசலில் நின்ற ஆண்களெல்லாம் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழும்போது கை பைக்குள் போயிற்று. தாள் கிழிந்து, காசு தனியாகக் கிடந்தது. காலையிலிருந்து அதைத்தான் தடவிக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது. அதற்கு அரை மணி கழித்துத்தான் சடங்கு செய்பவர் கையை நீட்டினார்.

செல்லாது

சுடுகாடு ஆற்றங்கரையில். பாடைக்குப் பின்னால் நடந்து போகும்போது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெண்கலம் எவ்வளவு சூட்டில் உருகும்? வறட்டி நெருப்பு அந்தச் சூட்டுக்குப் போகுமா? அவ்வளவு சின்னக் காசு தாங்குமா? என்னை வளர்த்தவர் எரியப்போகிறார், நான் காசுக்குக் கணக்குப் போடுகிறேன். போடாதே என்று சொல்லிப் பார்த்தேன். மூளை கேட்கவில்லை, அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நெற்றிக்காசு எரியாது. சுடுகாட்டு வேலை பார்க்கிற சின்னையன் எடுத்துக்கொள்வார். அது அவருக்கு உள்ள உரிமை. உடனே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. அவரிடம் எப்படிக் கேட்பது? அத்தனை பேர் முன்னால் அண்ணன் நெற்றிக்காசைத் திருப்பிக் கேட்கிற தம்பி உலகத்தில் உண்டா?

கேட்க வேண்டியிருக்கவில்லை. சின்னையன் காசைப் பெயர்த்தெடுத்தார். வேட்டியில் துடைத்தார். வெயிலில் காட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். நேரே என்னிடம் வந்தார்.

"இது செல்லாதுங்க. வேற குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பாடையில் படுத்திருந்தவர் இதைக் கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ராஜா சந்தனத்தோடு என் உள்ளங்கைக்கு வந்தார்.

சந்தோஷமாக இருந்தது. வேறு சொல் போட்டு மழுப்பப் பார்த்தேன், இரண்டு தடவை அடித்து எழுதியும் பார்த்தேன், வரவில்லை. அண்ணனுக்கு மகன் கிடையாது, கொள்ளி நான்தான் வைத்தேன். வைக்கிற கையின் மடக்கிய விரல்களுக்குள் காசு இருந்தது. சந்தோஷமாக இருந்தது.

ரோட்டில் நெல்

இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, வசந்தாவிடம்கூட. இந்தத் தொடர் ஆரம்பித்த பிறகு எழுத எழுத இந்த இடம் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது. அச்சில் பார்த்து அண்ணி தெரிந்துகொள்ளக் கூடாது என்று போன வாரம் பைக்கை எடுத்தேன்.

அறுவடை முடிந்து நெல்லை ஊர் ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப்போட்டிருந்தார். வெறுங்காலால் நெல்லைக் கிளறியபடி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் ஓரமாக, தார் ரோட்டில், கூடவே நடந்தேன்.

"அண்ணி, அன்னைக்கு கேட் போடல."

"எந்தக் கேட்டு?" என்றார், நடையை நிறுத்தாமல்.

"கூட்ஸும் வரல. நான் கும்பகோணத்துல இருந்தேன். நீங்க கேட்ட சத்தம் பித்தளை அடிக்கிற சத்தம்."

நின்றார். கணுக்கால் வரைக்கும் நெல்.

"கும்பகோணத்துல என்ன?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"அவரு நெத்தியில வெச்சதுதானே இது?"

"ஆமாண்ணி. இதுக்காகத்தான் போனேன்."

"யாரு இவன்?"

"ரோமாபுரி ராஜா."

"பேரு?"

"தெரியல அண்ணி. எழுத்து தேஞ்சுபோச்சு."

"பேருகூடத் தெரியாதவனுக்காகவா," என்றார்.

அது கேள்வி இல்லை. என்னிடம் தயாராக நாலு வாக்கியம் இருந்தது, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணி நடக்க ஆரம்பித்தார். அந்தக் கோடி வரை போனார். திரும்பி வந்தார். எழுதப்போகிறேன் என்றேன். எழுதிக்கொள்ளுங்கள் என்பதுபோல் கையை அசைத்தார். இன்னொரு நடை போய் வந்தார். அப்புறம்தான் பேசினார்.

"ரெண்டு வருஷமா ரயில்காரனைத் திட்டிக்கிட்டிருந்தேன். அவன் யாரோ, நான் யாரோ. நினைப்பு வர்றப்பல்லாம் நல்லா திட்டிட்டு வேலையைப் பாக்கப் போயிருவேன். இப்ப அதுவும் இல்ல. உங்களை நான் நாளைக்கும் பாக்கணும்."

மறுநாள் போனேன். நெல்லை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார், ஆள் கிடைக்கவில்லை. சாக்கின் வாயை நான் விரித்துப் பிடித்தேன். அவர் மரக்காலால் அள்ளிக் கொட்டினார். இருபத்தேழு மூட்டை. கடைசி மூட்டையை அவர் தைத்து முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.